வட்டத்துக்குள் அடங்காத கூழைக்கடா

நேற்றுக் காலை கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். தூறல் விட்டு விட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு இளம் பெண், நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கிடந்த போன் அடித்தது. திரையில், வட்டத்துக்குள், ஒரு மீன்கொத்தி. காய்ந்த வேலிக்கருவைக் குச்சியின் மேல், அலகில் ஒரு குட்டி இறாலோடு, கடன்காரனைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்க்கிற அதே மீன்கொத்தி. நீ எடுத்தது. வட்டமாக வெட்டியது நான். இடது ஓரத்தில் ஒரு வேலிக்கம்பி என் வெட்டுக்குத் தப்பி எட்டிப் பார்க்கும். அதற்காக நீ என்னை ஒரு நாள் முழுக்கத் திட்டியிருக்கிறாய். நேற்றும் அந்தக் கம்பி அங்கேயே இருந்தது.

அவள் பேசி முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டு, "யாரும்மா அது, அந்தப் படம் வெச்சிருக்கறது?" என்று கேட்டேன். முன்பின் தெரியாதவளிடம் கேட்கிற கேள்வியா அது? வாய் முந்திக்கொண்டது.

"எங்க பெரிம்மாதான்க்கா."

"படம் யாரு எடுத்தது?"

"தெர்லக்கா. எதுனா குரூப்ல வந்துருக்கும். புடிச்சிதுன்னு வெச்சிகினு கீறாங்க."

"எடுத்தவளை எனக்குத் தெரியும்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்டியா? அவங்க உங்களுக்கு இன்னா வேணும்?"

திருப்போரூர் வந்துவிட்டது. நான் இறங்கிக்கொண்டேன். ஒரு வருஷமாக இந்தக் கேள்வி என்னைத் துரத்துகிறது. அக்காவா, தங்கச்சியா, ஒன்றுவிட்ட உறவா? கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை வேண்டும். என்னிடம் அப்படி ஒரு வார்த்தை இல்லை. இறங்கி நடந்தபோது அந்தப் பெண் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். பாவம், பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நேற்று நடந்ததை வேறு யாரிடம் சொல்ல? அண்ணன் வீட்டில் சொன்னால், "இன்னும் அதையே நெனச்சிகினு கீறியா" என்பார்கள். ஆகவே உன்னிடமே சொல்கிறேன்.

நீ முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். கூட இருந்தவள் கல்யாணமாகிப் போனபின் வாடகையைத் தனியாகத் தாங்க முடியாமல் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். நீ ஸ்கூட்டரில் வந்தாய். முன்னால் ரத்தப் பரிசோதனைக்கான ஐஸ் பெட்டி, முதுகில் பழைய கேமரா. "லேப்ல வேல. காலங்காத்தால வூடு வூடா போய் ரத்தம் எடுக்கணும். ஒம்போது மணிக்குள்ள முடிஞ்சிரும். அப்பாலிக்கா நான் பறவ பாக்கப் போயிடுவேன். ஒனக்கு ஒண்ணியும் தொந்தரவு கெடையாது," என்றாய். ரத்தம் எடுக்கிறவளுக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கோவளம் சாலைப் பாலத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறாய், விடிகிற நேரத்தில் உப்பங்கழி முழுக்கப் பறவை நின்றால் பார்க்காமல் போக நீ என்ன கல்லா என்று என்னையே திருப்பிக் கேட்டாய்.

நான் மனை விற்கிற ஒரு கம்பெனியில் விளம்பரப் படம் தயாரிக்கிறேன் என்றதும் உனக்கு ஒரே சிரிப்பு. முள்ளுக்காட்டுப் படத்தில் டிரான்ஸ்பார்மரை அழித்து, வானத்துக்கு நீலம் அடித்து, ஓரத்தில் இரண்டு தென்னை மரத்தை நட்டுவிடுவது என் தொழில். "கருவேலங்காட்ட நகரா மாத்துறவ நீ. என் பறவ உன் கைல மாட்டுனா மயிலாக்கிடுவ," என்றாய். மாட்டத்தான் செய்தது.

அதைத் தொடங்கி வைத்தது உன் அம்மா. கண் ஆபரேஷனுக்காகச் செங்கல்பட்டுக்கு வந்தவர், பச்சைத் துணி கட்டிய கண்ணோடு நம்முடன் வந்து தங்கினார். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் ஆயுசு முழுக்க நாற்று நட்டவர். அவருக்கு எழுத்துத் தெரியாது. நீ வாங்கிக் கொடுத்த போனில் யார் கூப்பிட்டாலும் எடுத்து, "யாரு?" என்று ஊரே கேட்கக் கத்துவார். ஒவ்வொருவர் பெயருக்கும் அவரவர் முகத்தை வைத்துப் பார்த்தாய். "எல்லா மூஞ்சியும் ஒரே மாரி கீதுடி. பொட்டு வெச்சா பொம்பள, மீச வெச்சா ஆம்பள. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெர்ல," என்றார்.

நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். பிறகு உன் மாமா பெயருக்கு ஒரு மீன்கொத்திப் படத்தை வைத்துக் காட்டினாய். "இது யாரு?"

உன் அம்மா படத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "மீங்கொத்தி. சொய்ங்னு வரும், கொத்திகினு ஓடிரும். உன் மாமன்தானே?"

அப்படி ஒரு சிரிப்பை அந்த வீடு அதற்கு முன்னால் கேட்டதில்லை. அன்றைக்கே உட்கார்ந்து எல்லோருக்கும் வைத்தோம். நூறு நாள் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற அம்மாவுக்கு ஆள்காட்டி. அந்தம்மா நாலு வயலுக்குக் கேட்கக் கத்துவாராம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கரிச்சான். உன் அம்மா ஒருமுறை கூடத் தப்பாகச் சொல்லவில்லை. குருவி, கொக்கு, உள்ளான், எல்லாம் வரப்பில் பார்த்துப் பழகிய முகங்கள் அவருக்கு. நீ எடுத்தாய், நான் வெட்டினேன், அவர் சரிபார்த்தார்.

வெட்டுவது லேசு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் கம்பெனிப் படங்கள் நீளச்சதுரம். போன் கேட்பதோ வட்டம். பறவையோ அலகும் காலும் வாலுமாக எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பவளக்கால் உள்ளானை வட்டத்துக்குள் வைத்தால் கால் போய்விடும். கால் போனால் அது வெறும் உள்ளான். அரிவாள்மூக்கனுக்கு மூக்கு போய்விடும். நீ என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு உயிரை வாங்குவாய். "பாக்குற பக்கம் எடம் வுடுடி. இல்லன்னா செவுத்துல மூஞ்சிய இடிச்சிகினு நிக்கிற மாரி கீது." நீலத்தைக் கொஞ்சம் ஏற்றட்டுமா என்றால் கையைத் தட்டிவிடுவாய். "அது போட்டுகினு வந்த சட்ட அது. நீ யாரு மாத்த?"

கூட்டில் இருக்கிற பறவையை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க மாட்டாய். படத்தைப் பார்த்து நாலு பேர் கூட்டைத் தேடி மரம் ஏறுவார்கள் என்பாய். அந்த விஷயத்தில் நீ சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

பிறகு அது வீடு வீடாகப் பரவியது. ஊசிக்குப் பயப்படுகிற கிழவர்களிடம் நீ கேமராத் திரையைக் காட்டுவாய். அவர்கள் பறவையைப் பார்க்கிற நேரத்தில் ரத்தம் எடுத்துவிடுவாய். அடுத்த முறை போகும்போது, "அந்தப் பூநாரையை எனக்கு அனுப்பும்மா, புரொஃபைல்ல வெச்சிக்கறேன்" என்பார்கள். கேட்ட பறவையை என்றைக்குக் கொடுத்தாய் நீ? ஊசி குத்தும்போது அவரவர் நடந்துகொள்வதைப் பார்த்து நீயே முடிவு பண்ணுவாய். ஊசி தொடும் முன்னாலேயே அலறுகிறவருக்கு ஆள்காட்டி. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கிறவருக்கு மடையான். காலையில் பால்கனியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உடற்பயிற்சி செய்யும் நம் வீட்டுக்காரருக்கு, இறக்கையை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகம். அவர் அதைப் பெருமையாக வைத்துக்கொண்டார். இன்றும் அதுதான் இருக்கிறது. வாடகை அனுப்பும்போதெல்லாம் பார்க்கிறேன்.

எல்லோருக்கும் கொடுத்தாய். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை.

"எனக்கு எது?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, நீ தூங்கப் போகும்போது. நீ என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்ப்பாய். "உனக்கு இன்னும் மாட்லடி. மாட்டுனா குடுக்கறேன்." ஒரு நாள் கோபத்தில், நீ கொடுக்கிறவரை என் வட்டம் காலியாகவே கிடக்கட்டும் என்று சொல்லி, இருந்த படத்தையும் எடுத்துவிட்டேன். அதிலிருந்து என் இடத்தில் சாம்பல் நிறத்தில், தலையும் தோளுமாக ஒரு யாருமில்லாத உருவம். ஆபீசில் கேட்டார்கள். அண்ணி கேட்டாள். ஒரு படம் வைக்கக் கூடவா சோம்பல் என்றார்கள். நான் வைக்கவில்லை. உன் பிடிவாதத்துக்கு என் பிடிவாதம் குறைந்ததா என்ன?

உனக்கென்று நீ எடுத்துக்கொண்ட படம் வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? அதற்கு முந்தின நாள் நமக்குள் சண்டை. கேஸ் தீர்ந்ததை யார் சொல்லவில்லை என்று ஆரம்பித்து, நான் பாத்திரம் தேய்க்கிற விதம்வரை போனது. காலையில் பேசாமலே ஸ்கூட்டரில் ஏறினோம். உன் இடுப்பைப் பிடிக்காமல், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பாலத்துக்குக் கீழே தண்ணீர் வற்றி, நடுவில் ஒரு சேற்றுத் திட்டு. அதன் மேல் இரண்டு கூழைக்கடா. ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, வாலும் வாலும் உரச, ஒன்று கடல் பக்கம் பார்த்து, ஒன்று ஊர்ப் பக்கம் பார்த்து, அலகுக்குக் கீழே பையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தன.

நீ கேமராவை எடுத்தாய். எடுத்தவள் படம் எடுக்காமல் தோள் குலுங்கச் சிரித்தாய். என்ன என்று கேட்க எனக்கு வீம்பு இடம் கொடுக்கவில்லை. நீயும் சொல்லவில்லை. சிரித்து முடித்துவிட்டு எடுத்தாய்.

வீட்டுக்கு வந்ததும், "இதத்தான் நான் வெச்சிக்கப் போறேன். அம்மா போன்லயும் இதான். எங்க ஏரிக்கு வர்ற ஆளு, அம்மாவுக்கு நல்லாத் தெரியும். வட்டமா வெட்டிக் குடு," என்றாய். அதுதான் அன்று நீ பேசிய முதல் பேச்சு. இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் வைத்துப் பார்த்தேன். இரண்டு கடுகு மாதிரி ஆகிவிட்டது. வட்டத்துக்கு ஒன்றுதான் தாங்கும் என்றேன். இடப்பக்கம், கடலைப் பார்க்கிறதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன். பார்க்கிற பக்கம் இடம் விட்டேன்.

"இன்னொண்ணு?" என்றாய்.

"அது எதுக்கு? தூக்கிப் போடு."

"சரி," என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். சண்டை அதோடு முடிந்தது. மத்தியானம் நீ மீன் பொரித்தாய்.

அதற்குப் பிறகு எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். போன ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்தது. ஊருக்கெல்லாம் ரத்தம் எடுத்த நீ உனக்கு எடுக்க நாள் தள்ளிப்போட்டாய். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது. உன்னை ஊருக்குக் கொண்டுபோன வண்டியில் எனக்கு இடம் இல்லை. பஸ் பிடித்து வந்தேன்.

வருவதற்கு முன்னால் ஆபீசில் மேனேஜருக்குப் போன் பண்ணி, நான்கு நாள் லீவு வேண்டும் என்றேன். கெட்ட மனிதர் இல்லை அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்க உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார். "ரூம்மேட் சார்," என்றேன். "சரி, இன்னைக்கு எடுத்துக்கங்க. நாளைக்கு அந்தத் திருப்போரூர் பிரோஷர் போகணும்," என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன என் வாயின்மேல்தான் வந்தது.

உன் தெருவில் என்னை யாருக்கும் தெரியாது. பந்தலுக்கு வெளியே நின்றேன். "யாரும்மே நீ?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். வேறொருத்தி எனக்காகப் பதில் சொன்னாள்: "அங்க கூட தங்கிகினு இருந்த பொண்ணாம்." வந்தவர்கள் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். உன் மாமன் மகள்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கட்டிக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் எங்கே நின்று அழுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கை கழுவுகிற குழாயடியில் நின்று அழுதேன்.

அன்று நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க உன் மாமா கடைக்காரருக்கு உன் நம்பரைக் கொடுத்து, "இதுல படம் கீது, எடுத்துப் போட்டுக்கோ," என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் எடுத்துப் போட்டுவிட்டார். தெருமுனையில் பேனரைக் கட்டி, பிரித்துவிட்டபோது, பூமாலை போட்ட வட்டத்துக்குள் கூழைக்கடா. மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே உன் பெயர், அதற்குக் கீழே துயரத்தில் வாடும் சொந்தக்காரர்களின் பெயர்கள் வரிசையாக. மாமா எகிறினார். "எவன்டா அவன், கொக்கு படத்தப் போட்டு வெச்சிருக்கான்? கிழிடா அத."

உன் அம்மா பந்தலிலிருந்து எழுந்து வந்தார். நின்று பார்த்தார். "கொக்கு இல்லடா, கூழக்கடா. வுடு, இருக்கட்டும். அவ கூப்ட்டா எனக்கு இதான் வரும். இதான் எம் பொண்ணு," என்றார். யாரும் கிழிக்கவில்லை.

அந்த வரிசையில் என் பெயர் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. ஆனாலும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

இந்த ஒரு வருஷத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதே. உன் ஸ்கூட்டரை மாமா எடுத்துக்கொண்டு போனார். ஐஸ் பெட்டியை லேப்காரர்கள் வாங்கிப் போனார்கள். கேமரா உன் அம்மாவிடம். உன் அறைக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண்தான். காதில் எதையோ செருகிக்கொண்டு இருப்பாள், நான் பேசினால் ஒரு காதை மட்டும் கழற்றுவாள். அந்த ஒரு காதுக்கு என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்கதோஷத்தில் விழிப்பு வந்துவிடும். பஸ் ஏறிப் பாலத்தில் போய் நிற்பேன். பறவைகள் வருகின்றன, நிற்கின்றன. உன் பாட்டுக்கு நீ பெயர் சொல்லிக்கொண்டே வருவாயே, அது இல்லாமல் அவை வெறும் பறவைகளாக இருக்கின்றன. கடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வருவேன்.

எங்கு போனாலும் உன் வட்டங்கள் தட்டுப்படுகின்றன. அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி வரவில்லை என்று ஆள்காட்டி சண்டை போடுகிறது. மடையான் காலை வணக்கம் அனுப்புகிறது. மருந்துக்கடையில், பேங்கில், யார் யார் போனிலோ நீ எடுத்ததும் நான் வெட்டியதும். உலகத்தில் பாதிப் பேருக்கு ஒரு முகம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு மட்டும் சாம்பல். தனியாக இருந்தது அல்ல பெரிய வலி. உனக்கு நான் யார் என்று நீ கடைசிவரை சொல்லவில்லையே, அதுதான் ராத்திரி பகல் குடைந்தது. எனக்கு ஏற்ற பறவை உனக்கு ஏன் கிடைக்கவில்லை? நான் எதைப் போலவும் இல்லையா? அல்லது நீ தேடவே இல்லையா?

போன வாரம் உன் மாமா அழைத்தார். "ஞாயித்துக்கெழம தலைத் தெவசம். அக்கா உன்ன வரச் சொன்னாங்க. கண்டிசனா வரணும்." அதற்குத்தான் நேற்று புறப்பட்டேன். அந்த வழியில்தான் ஆட்டோவில் மீன்கொத்தி. திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து மதுராந்தகம். ஏரி நிரம்பிவிட்டது. பஸ் கரையோரம் போகும்போது கடைக்கண்ணில் பறவைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

படையலில் உனக்குப் பிடித்த வஞ்சிரம் வறுவல் இருந்தது. உன் அம்மா ஒடுங்கிப் போயிருக்கிறார். கண் மட்டும் தெளிவாக இருக்கிறது. சுவரில் உன் படம் என்று எதுவும் மாட்டவில்லை. ஆதார் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்களாம். "'போலீசு புடிச்சிகினு போன மாரி கீது, எடுத்துகினு போங்கடா'ன்னு அனுப்பிட்டேன்," என்றார். கற்பூரம் காட்டி முடித்து, இலை போட்டு எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

"இரு பாப்பா. என் தம்பிய வண்டில வுடச் சொல்றேன். என் போன எங்க வெச்சேன்னு தெர்ல. ஒரு மிஸ்டு கால் குடு."

மாமாவின் போனிலிருந்து வாங்கிய உன் அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. அழைத்தேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், மடித்து வைத்த கோணிக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. போய் எடுத்தேன். திருப்பிப் பார்த்தால், திரையில் கூழைக்கடா.

நீ கூப்பிடுகிறாய்.

பொய் சொல்லவில்லை. ஒரு மூச்சு நேரம் நான் அதைத்தான் நினைத்தேன். என் கையிலிருந்த இன்னொரு போனில் மணி போய்க்கொண்டிருந்தது எனக்கு மறந்தே போனது. காதில் வைத்து 'எங்கடி போன' என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம்தான் பார்த்தேன். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. உன்னுடையது கடல் பக்கம் பார்க்கும். இது ஊர்ப் பக்கம். கீழே என் பெயர்.

உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "கெடச்சிதா? ஆமா, நீதான் அது. இப்டி பாத்தா அவ, அப்டி பாத்தா நீ. ரெண்டும் ஒரே படமாம். 'நான் ஊசி குத்திகினு இருந்தா போன எடுக்க மாட்டேன். அப்ப இத அமுக்கு. ரெண்டு பேரும் ஒண்ணாதான் இருப்போம், யாரு எடுத்தா இன்னா'ன்னு சொன்னா."

"எனக்கு எதுவும் மாட்டலன்னு சொன்னாளேம்மா."

"அப்டியா சொன்னா?" உன் அம்மாவுக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். "'அவ கைல சொல்லிடாதம்மா, கேட்டு கேட்டு இன்னும் கொஞ்ச நாள் அலையட்டும்'னா. அந்தக் கொழுப்பு அவளுக்கு எப்பவும் உண்டு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் திட்டினேன். உன் அம்மாவுக்கு முன்னாலேயே, அவருடைய பெண்ணை, தலைத் தெவசத்தன்று, வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு, "திட்டு, திட்டு. நான் தெனம் திட்றேன்," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "உன்ன கூப்டணும்னு போன எடுப்பேன் பாப்பா. இத அமுக்கப் போவேன். பக்கத்துல அவளும் இருப்பாளோன்னு ஒரு நெனப்பு வரும். இல்லன்னு நீ சொல்லிட்டா இன்னா பண்றது? வெச்சிருவேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை எனக்குக் கட்டிக்கொள்ள ஒரு ஆள் இருந்தது.

அந்தப் படத்தை அவர் போனிலிருந்து எனக்கு அனுப்பிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது பெரிதாக்கிப் பார்த்தேன். நீயேதான் வெட்டியிருக்கிறாய், பார்த்தாலே தெரிகிறது. வட்டம் கோணல். தலைக்கு மேல் வானம் தேவைக்கு அதிகம். ஆனால் பார்க்கிற பக்கம் தாராளமாக இடம் விட்டிருக்கிறாய். இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு துணுக்கு. உன் பறவையின் வால். வெட்டத் தெரியாமல் விட்டாயா, வெட்ட மனசில்லாமல் விட்டாயா? இனிமேல் உன்னிடம் கேட்க முடியாது. பஸ் ஏரிக்கரையில் வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மங்கல் வெளிச்சத்திலும் அவை அங்கேயே இருந்தன.

இன்று காலை, எழுந்ததும், சாம்பல் உருவத்தை எடுத்துவிட்டு என் வட்டத்தில் அதை வைத்தேன். ஒழுங்கு பண்ணவில்லை. கோணல் கோணலாகவே இருக்கட்டும். உன் அம்மாவுக்குப் போன் பண்ணி, சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். "நீ துன்னியா?" என்று திருப்பிக் கேட்டார். "ஞாயித்துக்கெழம வரியா?" என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆபீசில் மத்தியானம் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். கையில் போனை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கி நின்றார். "ஒரு வழியா படம் வெச்சிட்டீங்களே. நல்லா இருக்கும்மா. நீங்களே எடுத்ததா?"

"இல்லை சார். எனக்காக எடுத்தது."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். "ஓரத்துல ஏதோ வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. நீங்க எவ்வளவு சுத்தமா வெட்டுவீங்க. அதைக் கொஞ்சம் எடுத்துடலாமே."

"வேண்டாம் சார். பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. அதோட வால் அது."

"ஓ, ஜோடியா? அப்ப ரெண்டையும் சேத்தே வெச்சிருக்கலாமேம்மா."

"வட்டத்துக்குள்ள அடங்காது சார்," என்றேன்.